ஒரு நாளைக்கு எத்தனை சால்மன் பிடிக்கலாம்? ஒரே வரியில் பதில் இல்லாத கேள்வி

நான் வான்கூவர் பக்கம் குடிவந்து பல வருஷம் ஆகிறது. கோடை தொடங்கினால் புதிதாக வந்த தம்பிகளில் யாராவது ஒருவர் கூப்பிடுவார். "அண்ணா, தூண்டில் வாங்கிட்டேன், லைசென்ஸும் எடுத்தாச்சு. ஒரு நாளைக்கு எத்தனை சால்மன் பிடிக்கலாம்?" எந்த சால்மன், எந்த இடத்தில், எந்தத் தேதியில் என்று நான் திருப்பிக் கேட்பேன். பதில் சொல்லாமல் நழுவுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அந்த மூன்று கேள்விகளுக்குள்தான் பதில் இருக்கிறது.

கனடாவின் மேற்குக் கரையான பிரிட்டிஷ் கொலம்பியாவில், பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்கள் நடுவே சில பேச்சுகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. "அரசாங்கம் நினைத்த நேரத்துக்கு விதியை மாற்றுகிறது." "கண்ணெதிரே மீன் துள்ளுகிறது, பிடிக்கக் கூடாதாம்." "போன வருஷம் இரண்டு, இந்த வருஷமும் இரண்டுதான் இருக்கும்." மூன்றுமே அரைகுறையானவை. மூன்றாவதை நம்பியவர்கள் அபராதம் கட்டியும் இருக்கிறார்கள். விதி ஏன் மாறுகிறது என்பது புரிந்துவிட்டால் அதைப் பின்தொடர்வது பாரமாக இருக்காது. தூண்டிலையே தொடாதவருக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

தடைக்காலமும் அணைத் திறப்பும்

மீன்பிடித் தடை என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையின் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. தேதி முன்பே தெரியும். ராமேஸ்வரத்துச் சிறுவனைக் கேட்டாலும் சொல்லிவிடுவான். அது நாட்காட்டியை வைத்துப் போட்ட விதி.

சால்மன் விதி அப்படிப்பட்டதல்ல. மேட்டூர் அணைத் திறப்போடு அதை ஒப்பிடலாம். குறுவைக்கு ஜூன் 12 என்பது வழக்கமான நாள்தான். ஆனால் அன்றைக்குத் திறப்பார்களா, எவ்வளவு திறப்பார்கள் என்பதை அணையில் நிற்கும் நீரும், மேலே பெய்யும் மழையும், வந்துகொண்டிருக்கும் வரத்தும்தான் முடிவு செய்யும். அதிகாரி நாளுக்கு நாள் அளவுகோலைப் பார்ப்பார், வரத்துக்கு ஏற்ப மதகை ஏற்றி இறக்குவார். அதைப் பார்த்து யாரும் "நினைத்த நேரத்துக்கு மாற்றுகிறார்" என்று சொல்வதில்லை.

சால்மனுக்கும் ஒரு வரத்து உண்டு. ஆற்றின் சரளைக் கற்களுக்கு நடுவே பொரிந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, சில ஆண்டு கழித்துத் தான் பிறந்த அதே ஆற்றுக்கு முட்டையிடத் திரும்பி வந்து சாகும் மீன் அது. ஒவ்வோர் ஆண்டும் எத்தனை திரும்பும் என்று முன்கூட்டியே கணிக்கிறார்கள். கணிப்பு பொய்த்தால் எவ்வளவு பொய்க்கும் என்பதற்குப் பெரிய உதாரணம் ஃப்ரேசர் ஆறு. 2009இல் அந்த ஆற்றுக்குச் சாக்கை என்னும் சால்மன் வகை 1 கோடிக்கு மேல் வரும் என்று எதிர்பார்த்தார்கள். வந்தது சுமார் 15 லட்சம். அடுத்த ஆண்டு, 2010இல், 3 கோடிக்கு அருகே வந்து குவிந்தது. 1913க்குப் பிறகு அப்படியொரு வரத்தை அந்த ஆறு பார்த்ததில்லை. 2009 சரிவை விசாரிக்கவே நீதிபதி கோஹன் தலைமையில் ஆணையம் அமைத்தார்கள். அது 2012இல் அறிக்கை கொடுத்தது.

ஆகவே கணிப்பை மட்டும் நம்பி ஆண்டு முழுவதற்கும் விதி எழுதிவிட முடியாது. ஆற்றின் வாயிலிலும் கடலிலும் சோதனை வலை போடுகிறார்கள். அதாவது விற்பதற்காக அல்லாமல், எத்தனை மீன் வருகிறது என்று எண்ணிப் பார்ப்பதற்காகவே போடும் வலை. அதில் விழும் எண்ணிக்கையைப் பார்த்துப் பருவத்துக்கு நடுவிலேயே திறப்பார்கள், மூடுவார்கள், வரம்பைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். அந்த மாற்றத்தைக் கனடாவின் மீன்வளத் துறை 'மீன்பிடி அறிவிப்பு' என்ற பெயரில் வெளியிடுகிறது. இனி இந்தக் கட்டுரையில் 'அறிவிப்பு' என்றால் அதுதான்.

இதுவரை: தடைக்காலம் தேதியைப் பார்த்து வருகிறது, சால்மன் விதி வரத்தைப் பார்த்து வருகிறது. வரத்து மாறும்போது விதியும் மாறும்.

ஒரே பெட்டியில் பல ஊர்ப் பயணிகள்

இப்போது எல்லோரையும் குழப்பும் இடத்துக்கு வருகிறேன். கண்ணெதிரே சினூக் துள்ளுகிறது. சால்மன் வகைகளிலேயே பெரியது, தூண்டில்காரர்கள் கனவு காணும் மீன். ஆனாலும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது அறிவிப்பு. மீன்தான் நிறைய இருக்கிறதே?

எழும்பூரில் கிளம்பித் தெற்கே போகும் இரவு ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெட்டியில் விழுப்புரத்தில் இறங்குபவரும் இருப்பார், திருச்சிக்காரரும் இருப்பார், நெல்லைக்காரரும் இருப்பார். முகத்தைப் பார்த்து யார் எங்கே இறங்குவார் என்று சொல்ல முடியாது. பெட்டி நிரம்பி வழிகிறது. ஆனால் அதில் ஒரு சிற்றூருக்குப் போகிறவர்கள் நான்கே பேர். அந்த நால்வர் போய்ச் சேராவிட்டால் அந்த ஊரில் விளக்கேற்ற ஆளில்லை.

கடலில் சால்மன் அப்படித்தான் கலந்து நீந்துகிறது. வான்கூவர் தீவுக்கு மேற்கே பிடிபடும் சினூக் ஃப்ரேசர் ஆற்றுக்குப் போவதாக இருக்கலாம், அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றுக்குப் போவதாகவும் இருக்கலாம். ஒரே ஆற்றில், ஒரே பருவத்தில் முட்டையிடத் திரும்பும் மீன்களை ஒரு 'கூட்டம்' என்று வைத்துக்கொள்வோம். பல கூட்டங்கள் கலந்து வரும் இடத்தில் தூண்டில் போடும்போது, விதியை எழுத வைப்பது பெரிய கூட்டமல்ல. ஆகப் பலவீனமான கூட்டம் எதுவோ அதுதான். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி விதிகள் தாமாகவே விளங்கிவிடும்.

1998இல் இது கண்ணெதிரே நடந்தது. ஃப்ரேசரின் கிளையான தாம்சன் ஆற்றின் கோஹோ சால்மன் அழிவின் விளிம்புக்கு வந்தபோது, பிரிட்டிஷ் கொலம்பியாவின் தென்கடலில் பெரும்பகுதியில் கோஹோவை வைத்துக்கொள்ளவே கூடாது என்று மூடினார்கள். மற்ற ஆறுகளின் கோஹோ ஓரளவு நன்றாக இருந்த இடங்களில்கூட அந்தத் தடை இருந்தது. கலந்து வரும் கூட்டத்தில் தாம்சன் மீனை மட்டும் தனியே விலக்கத் தூண்டிலுக்குத் தெரியாதே.

சினூக்குக்கு அந்த நிலை 2018, 2019இல் வந்தது. ஃப்ரேசர் ஆற்றின் சினூக் கூட்டங்களை ஆராய்ந்த நிபுணர் குழு அவற்றில் பெரும்பாலானவை ஆபத்தில் இருப்பதாக 2018இல் சொன்னது. அது போதாதென்று, லில்லூவெட் ஊருக்கு வடக்கே பிக் பார் என்ற இடத்தில் மலைச்சரிவு ஏற்பட்டு ஆறு அடைபட்டிருந்தது 2019 ஜூனில் தெரியவந்தது. மேலே ஏற முடியாமல் மீன்கள் பாறைக்குக் கீழே தத்தளித்தன. ஹெலிகாப்டரில் தொட்டி கட்டி மீனைத் தூக்கி மேலே விட்டார்கள். அந்த ஆண்டிலிருந்து தென்கடலின் பல இடங்களில், ஏப்ரல் தொடங்கிக் கோடையின் நடுப்பகுதி வரை சினூக்கை வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஆனது. ஆற்றின் மேற்பகுதிக்குப் போகும் மெலிந்த கூட்டங்கள் கடலைக் கடக்கும் காலம் அது. ஆண்டுக்கு 30 சினூக் என்றிருந்த வரம்பும் 2019இல் 10 ஆனது.

இந்தத் தடையால் கரையோரச் சிற்றூர்களின் படகோட்டிகள் பட்ட கஷ்டம் சின்னதல்ல. விருந்தினர் வராத கோடை அவர்களுக்கு வெறும் கோடையல்ல, ஒரு வருஷச் சாப்பாடு. அதைப் பார்த்துவிட்டும், அந்த மூடல் தேவைதான் என்றே நான் நினைக்கிறேன். ஒரு கூட்டம் ஒருமுறை அற்றுப்போனால் அந்த ஆற்றுக்கு வழி தெரிந்த மீன் வேறு கிடையாது.

சினூக்கை எதிர்பார்த்திருப்பவர்கள் நாம் மட்டுமல்ல. இந்தக் கடலில் வாழும் 'தெற்கத்திய' ஓர்கா திமிங்கிலங்கள் எழுபத்துச் சொச்சமே எஞ்சியிருக்கின்றன. அவற்றின் முதன்மை உணவு சினூக். அவை இரை தேடும் சில இடங்களைக் கோடையில் மூடிவைப்பதற்குக் காரணம் அதுதான்.

இதுவரை: கடலில் பல ஆறுகளின் சால்மன் கலந்து வருகிறது. மெலிந்த கூட்டம் கடக்கும் இடத்தையும் நேரத்தையும் பார்த்துத்தான் மூடுகிறார்கள். மற்ற மீன் எவ்வளவு இருக்கிறது என்பது அங்கே கணக்கில் வராது.

கடைசிப் பந்திக்கும் பாயசம்

ஹலிபட்டின் கதை வேறு. நம் ஊர் மாந்தல், எருமை நாக்கு போல ஒரு பக்கமாகப் படுத்து வாழும் தட்டை மீன் அது. (நம் கடலின் எருமை நாக்கு மீனுடைய அறிவியல் பெயரில் 'எருமெய்' என்று தமிழே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மீனைத்தான் 'இந்திய ஹலிபட்' என்கிறார்கள்.) ஆனால் பசிபிக் ஹலிபட் உருவத்தில் பூதம். 200 கிலோவைத் தாண்டியவையும் பிடிபட்டதுண்டு. குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போல நிமிர்ந்து நீந்தும். வளர வளர இடது கண் தலையைச் சுற்றி வலது பக்கம் வந்துவிடும். பிறகு ஆயுள் முழுவதும் கடலடியில் படுத்துக் கிடக்கும்.

ஹலிபட்டுக்குத் திரும்பிப் போகச் சொந்த ஆறு கிடையாது. கரை நெடுக அலையும் மீன். அதனால் கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து 1923லேயே ஓர் ஒப்பந்தம் போட்டு, பன்னாட்டு பசிபிக் ஹலிபட் ஆணையத்தை உருவாக்கின. கோடையில் ஆணையம் அமர்த்திய படகுகள் குறித்த இடங்களில் தூண்டில் கயிறு போட்டு, பிடிபட்டதை எண்ணி, எடை போட்டு, காதெலும்பில் உள்ள வளையங்களை வைத்து வயதும் பார்க்கின்றன. அடுத்த ஜனவரியில் ஆணையம் கூடி, ஒவ்வொரு கடற்பகுதியிலும் அந்த ஆண்டு எவ்வளவு எடை பிடிக்கலாம் என்று முடிவு செய்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடல் அவர்கள் கணக்கில் '2பி' பகுதி. அதன் பங்கில் 85 சதவீதம் தொழில்முறை மீனவர்களுக்கு, 15 சதவீதம் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களுக்கு என்பது 2012 முதல் உள்ள ஏற்பாடு. இந்தப் பங்குக்கு 'ஒதுக்கீடு' என்று பெயர்.

ஒதுக்கீடு எடையில் வருகிறது. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தூண்டில்காரர் எண்ணிக்கையில் யோசிக்கிறார், கணக்கோ கிலோவில் ஓடுகிறது.

கல்யாண வீட்டில் ஓர் அண்டா பாயசம் இருக்கிறது. முதல் பந்திக்குப் பெரிய கரண்டியில் இரண்டிரண்டு ஊற்றினால் மூன்றாம் பந்தி இலையில் பாயசம் இருக்காது. அனுபவமுள்ள சமையல்காரர் பந்தியை நிறுத்தமாட்டார், கரண்டியை மாற்றுவார். ஹலிபட்டின் நீள வரம்பு அந்தக் கரண்டிதான். பேச்சுக்கு 100 டன் ஒதுக்கீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடிபடும் மீன் சராசரி 10 கிலோ என்றால் 10,000 மீனில் ஒதுக்கீடு தீர்ந்துவிடும். பெரிய மீனை விடவேண்டும் என்று விதி வைத்துச் சராசரியை 8 கிலோவாகக் குறைத்தால் 12,500 மீன் வரை போகும். இலையுதிர் காலம் வரை பந்தி நடக்கும்.

அதனால்தான் அதிகபட்ச நீளம் ஒரே எண்ணில் நிற்பதில்லை. 133 செ.மீ. இருந்த ஆண்டுகள் உண்டு, 115 ஆன ஆண்டு உண்டு, பிறகு 126 ஆயிற்று. "பெரியதெல்லாம் தாய் மீன், அதைக் காப்பாற்றத்தான் நீள வரம்பு" என்று பலர் சொல்வார்கள். மிகப் பெரிய ஹலிபட் அநேகமாகப் பெட்டைதான், லட்சக்கணக்கில் முட்டையிடும், அதை விட்டுவிடுவது நல்லதும்கூட. ஆனால் வரம்பு ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவது அந்தக் காரணத்தால் அல்ல, அண்டாவின் அளவு மாறுவதால். இன்னொன்றும் உண்டு. 1980களில் பிடிபட்டதோடு ஒப்பிட்டால், அதே வயது ஹலிபட் பிற்காலத்தில் சிறுத்துப்போனது. உங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா காட்டும் பழைய புகைப்படத்து மீனையும் உங்கள் மீனையும் பார்த்துத் திறமையை எடைபோட வேண்டியதில்லை.

இதுவரை: சால்மனில் 'எந்த ஆற்று மீன்' என்று கேட்கிறோம், ஹலிபட்டில் 'மொத்தம் எத்தனை கிலோ' என்று கேட்கிறோம். நீளமும் எண்ணிக்கையும் அந்த எடையைப் பருவம் முழுக்க நீட்டிக்கும் வழிகள்.

கடல்மேல் இழுத்த கோடுகள்

பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடலை எண்ணிட்ட பகுதிகளாகவும், அவற்றுக்குள் உட்பகுதிகளாகவும் பிரித்திருக்கிறார்கள். விக்டோரியா நகரை ஒட்டியது 19, ஸூக் முதல் போர்ட் ரென்ஃப்ரூ வரை 20, கேம்ப்பெல் ரிவர் பக்கம் 13, ஃப்ரேசர் ஆறு கடலில் கலக்கும் இடம் 29. '20-5' என்று எழுதியிருந்தால் 20ஆம் பகுதியின் ஐந்தாம் உட்பகுதி. அறிவிப்பு எப்போதும் இந்த எண்களில்தான் பேசும்.

முதல்முறை ஸூக்கிலிருந்து ஒரு பெரியவரின் படகில் போயிருந்தேன். மேற்கே போய்க்கொண்டிருந்தோம். ஷெரிங்கம் முனையின் வெள்ளைக் கலங்கரை விளக்கம் வலது பக்கம் நேராக வந்ததும், ஒன்றும் சொல்லாமல் தூண்டில் கயிற்றைச் சுருட்டினார். தண்ணீரில் ஒரு மாற்றமும் இல்லை. அதே அலை, அதே நிறம். "இந்த முனையிலிருந்து தெற்கே ஒரு கோடு போகிறது. அந்தப் பக்கம் இன்றைக்கு வேறு விதி" என்றார். கோடு அவர் கண்ணில் தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை. படகில் ஜிபிஎஸ் இருந்தும் அவர் கலங்கரை விளக்கத்தைத்தான் பார்த்தார்.

இந்தப் பகுதிகளுக்கு மேல் இன்னொரு அடுக்கும் உண்டு. பாறை மீன்கள் மெல்ல வளர்பவை, சில இனங்கள் நூறு வயதைத் தாண்டுபவை. அவற்றுக்காக 164 காப்பிடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். காப்பிடத்துக்குள் தூண்டிலே போடக் கூடாது. ஹலிபட்டைத் தேடிப் போகிறவர் தெரியாமல் உள்ளே நுழைந்து மாட்டிக்கொள்வது நடக்கிற கதை.

நான்கு வரம்புகள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாள் வரம்பு என்பது ஒரு நாளில் வைத்துக்கொள்ளும் எண்ணிக்கை. கைவச வரம்பு என்பது வீடு சேரும்வரை படகிலோ வண்டியிலோ விடுதியிலோ உங்களிடம் இருக்கக்கூடிய மொத்தம். சால்மனுக்கு இது பெரும்பாலும் நாள் வரம்பின் இரு மடங்கு, ஹலிபட்டுக்குத் தனிக் கணக்கு. ஆண்டு வரம்பு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை ஓடும், ஏனென்றால் லைசென்ஸ் ஆண்டு அதுதான். அளவு வரம்பு இடத்துக்கு இடம் மாறும். வான்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே உள்ள ஜார்ஜியா நீரிணையில் சினூக் 62 செ.மீ. இருந்தாக வேண்டும் என்ற காலத்திலேயே அந்தத் தீவின் மேற்குக் கரையில் பல இடங்களில் 45 போதுமானதாக இருந்தது.

லைசென்ஸ் இருந்தாலும் சால்மனை வைத்துக்கொள்ள அதற்கான காப்பு முத்திரை தனியே வாங்க வேண்டும். பிள்ளைகளுக்கும் லைசென்ஸ் வேண்டும், 16 வயதுக்குக் கீழே என்றால் இலவசம். பிடித்த மீனை விற்கக் கூடாது, பண்டமாற்றும் கூடாது.

சால்மனுக்குப் போடும் தூண்டில் முள்ளில், பின்னோக்கி நிற்கும் அந்தச் சிறு கூர் இருக்கக் கூடாது. விட வேண்டிய மீனை வாய் கிழியாமல் விடுவதற்காக.

யார் முதலில்

மீன் குறையும்போது முதலில் நிறுத்தப்படுவது யார் என்பதும் சண்டை கிளப்பும் விஷயம். வரிசை தெளிவாகவே இருக்கிறது. முதலில் மீன் அற்றுப்போகாமல் காப்பது. அடுத்து பழங்குடி மக்கள் தம் உணவுக்கும் சமூக வழக்கங்களுக்கும் சடங்குகளுக்கும் பிடிக்கும் மீன். மஸ்குவீம் சமூகத்தைச் சேர்ந்த ரொனால்ட் ஸ்பேரோ, அனுமதித்ததைவிட நீளமான வலை போட்டார் என்று தொடுத்த வழக்கில் 1990இல் கனடா உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை உறுதி செய்தது. அதற்குப் பிறகுதான் நாமும் தொழில்முறைப் படகுகளும். 1999இன் சால்மன் பங்கீட்டுக் கொள்கைப்படி சினூக், கோஹோ இரண்டிலும் பொழுதுபோக்குத் தூண்டிலுக்கு முன்னுரிமை. சாக்கை, பிங்க், சம் ஆகிய மூன்றிலும் தொழில்முறை மீனவர்களுக்கு முன்னுரிமை.

ஆற்றில் பழங்குடியினர் வலை போடும்போது "நமக்கு மட்டும் தடையா" என்று கேட்கிறவர்கள் இந்த வரிசையை ஒருமுறை படித்துவிட்டுக் கேட்கலாம். அவர்களுடைய ஆறு அது. பல ஆண்டுகளில் அவர்களும் வலையைச் சுருட்டி வைத்துக் காத்திருந்திருக்கிறார்கள்.

கிளம்பும் முன்

நான் செய்வது இவ்வளவுதான். முதல் நாள் இரவு வரைபடத்தைத் திறந்து, போகப்போகும் இடத்தின் பகுதி எண்ணையும் உட்பகுதி எண்ணையும் தாளில் எழுதிக்கொள்வேன். மீன்வளத் துறையின் இணையதளத்தில் அந்தப் பகுதியின் பக்கத்தைத் திறந்து, பிடிக்க நினைக்கும் மீனுக்கு நேரே உள்ள வரியைப் படிப்பேன். பிறகு அந்தப் பகுதிக்குப் புதிதாக அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அறிவிப்புகள் மின்னஞ்சலில் வரும்படி பதிந்து வைத்துக்கொள்ளலாம், செலவில்லை. காலையில் படகு ஏறுமுன் இன்னொருமுறை பார்ப்பேன். போன வருஷம் எடுத்து வைத்த படத்தையோ கடைக்காரர் சொன்னதையோ நம்பிக் கிளம்புவதில்லை. சொன்னவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் அவர் சொன்னது நேற்றைய வரத்து.

சினூக்கோ ஹலிபட்டோ வைத்துக்கொண்டால் உடனே, அங்கேயே, லைசென்ஸில் பதிய வேண்டும். கரைக்கு வந்து எழுதலாம் என்பது செல்லாது.

மீனை வைத்துக்கொள்ளும் முன்பே முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே பாருங்கள். அங்கே இருக்க வேண்டிய சின்னச் சதைத் துடுப்பு வெட்டப்பட்டிருந்தால் அது குஞ்சுப் பொரிப்பகத்தில் பிறந்த மீன். சில இடங்களில் அத்தகைய மீனை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கும். துடுப்பு வெட்டிய சினூக், கோஹோவின் தலையைத் தூக்கி எறியாதீர்கள். படகுத்துறைகளிலும் தூண்டில் கடைகளிலும் தலையைச் சேர்க்கும் பெட்டிகள் உண்டு. பிடித்த இடத்தையும் தேதியையும் சீட்டில் எழுதித் தலையோடு போட வேண்டும். சில தலைகளின் மூக்குக்குள் சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளக் கம்பித் துணுக்கு ஒன்று புதைந்திருக்கும். ஆய்வகத்தில் அதை எடுத்து உருப்பெருக்கியின் கீழே வைத்தால், மேலே பொறித்த எண் தெரியும். அந்த மீன் எந்த ஆற்றின் பொரிப்பகத்திலிருந்து எந்த ஆண்டு வெளியே போனது என்று அந்த எண் சொல்லிவிடும். ரயில் பெட்டியில் ஏறிய ஒரு பயணி எந்த ஊர்க்காரர் என்று அப்படித்தான் தெரிந்துகொள்கிறார்கள்.